செத்த பிறகும் சுமைதாங்கியா?

பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போதே ஒரு பெண் செத்துப் போய்விட்டால், அவள் பேரால் பாதையோரத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் நிறுத்துவது நம் நாட்டில் வெகுகாலத்து வழக்கமாகும். இரண்டு கல்லை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் கிடத்தி வைப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவன் பிறர் உதவியில்லாமல் அதன்மேல் சுமையை இறக்கி இளைப்பாறிப் போகலாம். வயிற்றுச் சுமையை இறக்காமல் செத்தவளின் ஆவி, பிறர் சுமையைத் தாங்கித் தாங்கித்தான் தன் சுமை நீங்கப் பெறும் என்பது அதற்குச் சொல்லப்படுகிற தத்துவம். உயிரோடு இருந்த வரையில் புருஷன் வீட்டுச் சுமை. செத்த பிறகு ஊரார் சுமை! கல்லான பிறகும் பெண்ணுக்கு ஓய்வு கொடுக்க மனம் வரவில்லை, இதைக் கண்டுபிடித்த மகான்களுக்கு. ஆனாலும் கல்லுக்கு நோவு இல்லை; வழிப்போக்கனுக்கு உபகாரமும் உண்டு. ஆகவே அந்தக் கல்லை நாம் விட்டுவிடுவோம்.

நாம் இப்பொழுது எழுத வந்தது, செத்துப் போன பெண்ணின் உடம்பையே ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாரக்கணக்காகவும் மாதக்கணக்காகவும் சுமைதாங்கியாகக் கிடத்தி வைப்பதைப் பற்றியும், அதை யாரைக் கேட்டுச் செய்வது என்பதைப் பற்றியுமேயாகும். இது வெள்ளைக்காரர் தேசத்துச் சங்கதி, நமக்கென்ன என்று வேலூர், ஆம்பூர், வாணியம்பாடித் தோழர்கள் நினைத்துவிடக் கூடாது. வென்டிலேட்டர் என்கின்ற சுவாசக் கருவி எந்த ஊருக்கெல்லாம் வந்துவிட்டதோ, அந்த ஊருக்கெல்லாம் இந்தக் கேள்வியும் வந்துவிட்டதென்றே அர்த்தம்.

முதலில் மூளைச் சாவு என்பது என்னவென்று தெரிந்து கொள்ள வேண்டும். நம் ஜனங்கள் மயக்கத்தையும் மூளைச் சாவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் கொள்ளுகிறார்கள். 2022இல் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில், விபத்தில் அடிபட்டு ஏழு மாதமாக நினைவில்லாமல் கிடந்த ஒரு பெண் பெண் குழந்தையைப் பெற்றாள். அவளுக்கு நினைவு இல்லையே தவிர, உயிர் இருந்தது. மூளைச் சாவு அப்படிப்பட்டதல்ல. மூச்சை விடச் சொல்லுகின்ற மூளைத்தண்டே அழிந்து போய்விட்டது என்பதுதான் அதற்குப் பொருள். கண்ணில் விளக்கைக் காட்டினாலும் பாவை சுருங்காது. கருவியை எடுத்துப் பார்த்தால் தானாக ஒரு மூச்சும் வராது. இருதயம் மாத்திரம், காற்று உள்ளே தள்ளப்படுகிற வரையில், தன் பழக்கத்துக்குத் துடித்துக் கொண்டிருக்கும். அதனால் மார்பு ஏறி இறங்கும். கை சூடாக இருக்கும். தொட்டுப் பார்த்த தாய், "என் பெண் தூங்குகிறாள்" என்றுதான் சொல்லுவாள். ஆனால் தூங்கவில்லை, செத்துப் போய்விட்டாள். 1994ம் வருஷத்து மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, நான்கு டாக்டர்கள், ஆறு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி விட்டு, இரண்டு தடவை சோதித்துக் கையெழுத்துப் போட்ட பின்புதான் அப்படிச் சொல்லலாம்.

அப்படிச் செத்தவள் வயிற்றில் மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன கரு இருந்தால் என்ன செய்வது?

அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்து போர்ட் வொர்த் நகரில் 2013 நவம்பர் கடைசியில் ஒரு பெண், 14 வாரக் கர்ப்பிணி, தன் வீட்டில் விழுந்து கிடந்தாள். இரண்டொரு நாளில் மூளைச் சாவு என்று தெரிந்து போயிற்று. அவளும் அவள் கணவனும் அவசர சிகிச்சை ஊழியர்கள். இம்மாதிரிச் சாவுகளை நேரில் பார்த்துப் பழகியவர்கள். எனக்கு இப்படி ஆனால் கருவியில் போட்டு வைக்காதே என்று அவள் உயிரோடு இருந்தபோதே சொல்லியிருந்ததாகக் கணவன் சொன்னான். அவளைப் பெற்றவர்களும் அதையே சொன்னார்கள். ஆனால் ஜான் பீட்டர் ஸ்மித் ஆஸ்பத்திரியார் கேட்கவில்லை. கர்ப்பிணியான நோயாளிக்கு உயிர் காக்கும் சிகிச்சையை நிறுத்தக் கூடாது என்று அந்த மாகாணச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறதாம். கணவன் கோர்ட்டுக்குப் போனான். 2014 ஜனவரி 24ந் தேதி நீதிபதி வாலஸ் சொன்ன தீர்ப்பு மிகச் சுருக்கமானது: அவள் செத்துப் போனவள், செத்தவள் நோயாளி அல்ல, ஆகவே நோயாளிக்கான சட்டம் அவளுக்குப் பொருந்தாது. இந்தச் சாதாரண உண்மையைச் சொல்லுவதற்கு இரண்டு மாதமும் ஒரு கோர்ட்டும் வேண்டியிருந்தது. அதற்குள் அந்தக் கரு உருக்குலைந்து போயிருந்ததாகக் கணவனுடைய வக்கீல்கள் எடுத்துச் சொன்னார்கள். அது பிழைக்கக் கூடியதல்ல என்பதை ஆஸ்பத்திரியாரே ஒப்புக் கொண்டார்கள்.

இத்தோடு புத்தி வந்ததா? 2025 பிப்ரவரியில் ஜார்ஜியா மாகாணத்தில் 30 வயதான ஒரு கருப்பின நர்ஸ், ஒன்பது வாரம் போலக் கர்ப்பமாயிருந்தவள், மூளைச் சாவடைந்தாள். தாங்காத தலைவலி என்று முதல் நாள் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனவளைத் தலைக்கு ஸ்கேன்கூட எடுக்காமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று அவள் தாய் சொல்லுகிறாள். அந்த மாகாணத்தில் ஆறு வாரத்துக்கு மேல் கருவைக் கலைக்கக் கூடாது என்று சட்டம். அதைக் காரணமாகச் சொல்லி அவள் உடம்பைக் கருவியில் வைத்தார்கள். ஜூன் 13ந் தேதி வயிற்றை அறுத்து ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள ஆண் குழந்தையை எடுத்தார்கள். நாலு நாள் கழித்துத்தான் கருவியை நிறுத்தினார்கள். நடுவில் அந்த மாகாணத்து அட்டர்னி ஜெனரல், எங்கள் சட்டம் அப்படி ஒன்றும் கட்டாயப்படுத்தவில்லையே என்று சொல்லிவிட்டார். அப்படியானால் யார்தான் கட்டாயப்படுத்தியது? ஆஸ்பத்திரி சட்டத்தைக் காட்டுகிறது. சட்டக்காரர் ஆஸ்பத்திரியைக் காட்டுகிறார். அந்தத் தாய் கேட்டதோ ஒன்றே ஒன்றுதான். வைக்கலாம், நிறுத்தலாம், ஆனால் அதை முடிவு செய்கிற பொறுப்பு எங்களுடையதாக இருந்திருக்க வேண்டாமா என்றாள்.

தலைவலி என்று உயிரோடு வந்தபோது ஒரு ஸ்கேனுக்குக் கூட யோக்கியதை இல்லாதவளாக எண்ணப்பட்டவள், செத்த பிறகு நாலு மாதம் ராப்பகலாய்க் கவனிக்கப்பட்டாள் என்றால், கவனிக்கப்பட்டது யார்? அவளா, அவள் வயிறா?

இவர்கள் பேசுகின்ற "உயிர்" எப்படிப்பட்டது என்பதற்கு அயர்லாந்து நல்ல உதாரணம். நம் அண்டை மாகாணமாகிய கர்னாடகத்துப் பெண், சவிதா ஹாலப்பனவர், 31 வயது, பல் டாக்டர். 2012 அக்டோபரில் கால்வே ஆஸ்பத்திரியில் 17 வாரக் கரு தானாகக் கலைய ஆரம்பித்துவிட்டது. பிழைக்காது என்று தெரிந்துவிட்ட அந்தக் கருவை எடுத்துவிடும்படி அவள் கெஞ்சிக் கேட்டாள். கருவின் இருதயம் இன்னும் துடிக்கிறது, ஆகவே முடியாது என்றார்கள். இது கத்தோலிக்க நாடு என்று பதிலும் சொன்னார்கள். விஷம் ரத்தத்தில் ஏறி அவளே செத்தாள். உயிரோடிருந்து வாய் திறந்து கேட்டவளைச் சாகவிட்டதும் அதே நாடுதான். 2014 டிசம்பரில், 15 வாரக் கர்ப்பத்தோடு மூளைச் சாவடைந்த வேறொருத்தியின் பிரேதத்தைச் சாகவிட மாட்டோம் என்று டாக்டர்கள் சட்டத்துக்குப் பயந்து கருவியில் வைத்திருந்ததும் அதே நாடுதான்! பெற்ற தகப்பன் கோர்ட்டுக்குப் போய், டிசம்பர் 26ந் தேதி மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து, நிறுத்தலாம் என்று உத்தரவு கொடுத்த பின்புதான் அவளுக்குக் குழி வெட்ட முடிந்தது. 2018இல் அந்த நாட்டு ஜனங்களே ஓட்டுப் போட்டு அந்தச் சட்டப் பிரிவைத் தூக்கி எறிந்தார்கள்.

அயர்லாந்தைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி எப்படி உண்டாயிற்று என்கிற கதை நம் பக்கத்தில் பலருக்கும் தெரியும். 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, பாதிரி டாக்டர் ஸ்கடர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லீம், இன்னொருவர் மேல்ஜாதி இந்து. மூன்று வீட்டிலும் பிரசவம் சிக்கலாய்ப் போயிருந்தது. டாக்டருடைய மகள் ஐடா, நான் டாக்டரல்ல, என் தகப்பனார் வருவார் என்றாள். அன்னிய ஆண் எங்கள் பெண்ணைப் பார்ப்பதைவிட அவள் செத்தாலும் சரி என்று மூவரும் திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் செத்தார்கள். எதிலும் ஒற்றுமைப்படாத மூன்று கூட்டமும், பெண்ணைச் சாகக் கொடுப்பதில் மாத்திரம் ஒரே இரவில் ஒற்றுமைப்பட்டன! அந்தப் பெண் டாக்டருக்குப் படித்து வந்து, 1900இல் வேலூரில் ஒரே கட்டிலோடு ஆரம்பித்ததுதான் பின்னால் அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியாயிற்று. 1918இல் பெண்களுக்கென்றே வைத்தியப் பள்ளியும் வந்தது.

நாம் கேட்பது என்னவென்றால், அன்று திண்டிவனத்தில் அந்த மூன்று பெண்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? டாக்டர் வரட்டுமா, வேண்டாமா, நீ சாக விரும்புகிறாயா, பிழைக்க விரும்புகிறாயா என்று கேட்டவர் உண்டா? இல்லை. அன்று மதம், பிழைக்கக் கூடியவள் மேல் டாக்டர் கை படக் கூடாது என்றது. இன்று அதே மதம், செத்துப் போனவள் மேலிருந்து டாக்டர் கையை எடுக்கக் கூடாது என்கின்றது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும், பெண்ணைக் கேட்கக் கூடாது என்பது மட்டும் மாறவில்லை.

"உயிர் கடவுள் கொடுத்தது, அதை நிறுத்த மனிதனுக்கு என்ன அதிகாரம்?" என்று சில பக்திமான்கள் கேட்கலாம். நல்லது. அவள் மூச்சை நிறுத்தியது யார்? கடவுள் சித்தப்படியே எல்லாம் நடக்கிறதென்றால், அவள் மூச்சை நிறுத்தி, மூளையை அழித்து, அவளைக் கொண்டு போனதும் கடவுள் சித்தந்தானே? அதற்கு மேல் மின்சாரமும் ரப்பர்க் குழாயும் வைத்துக் காற்றுத் தள்ளுகிறவன் மனிதன். காற்றைத் தள்ளுவது கடவுள் வேலை என்றும், நிறுத்துவது மாத்திரம் மனிதனின் பாவம் என்றும் சொல்லுவது எந்த ஊர் நியாயம்?

நாம் எந்த நேரத்திலும் கருவியை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் இன்னொரு மதமாகிவிடும். செக் நாட்டு பர்னோ நகரில் 2019இல் ஒரு பெண் நாலு மாதக் கர்ப்பத்தோடு மூளை ரத்தக் கசிவால் செத்தாள். அவள் குடும்பத்தார் குழந்தை வேண்டுமென்றார்கள். டாக்டர்களும் நர்ஸ்களும் 117 நாள் அந்த உடம்பைக் காத்தார்கள். நடப்பது போலக் காலை அசைத்துக் கொடுத்தார்கள். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றுக் குழந்தையோடு பேசினாள். ஆகஸ்டு 15ந் தேதி 2 கிலோவுக்கு மேல் எடையுள்ள பெண் குழந்தை பிறந்தது. சுற்றத்தார் கூடி விடை கொடுத்த பின்பு கருவியை நிறுத்தினார்கள். இதைப் படித்து யாருக்குத்தான் மனம் இளகாது? அதே சமயம் ஜெர்மனியில் எர்லாங்கன் நகரில் 1992இல் 18 வயதுப் பெண்ணின் உடம்பை ஐந்து வாரத்துக்கு மேல் வைத்திருந்தும் கரு கலைந்தே போயிற்று. 1982 முதல் 2010 வரை உலகத்து வைத்தியப் பத்திரிகைகளில் வெளிவந்தவற்றைத் தேடித் திரட்டியதில் இப்படிப்பட்ட 30 பேர் விவரம் கிடைத்தது. அவற்றில் பிழைத்த குழந்தைகள் 12. மூளை போன பிறகு உடம்பின் உஷ்ணம் நிலைக்காது, ரத்த அழுத்தம் விழும், மூத்திரம் அளவில்லாமல் போகும், கிருமி தொற்றும். இவ்வளவையும் வெளியிலிருந்து ஒவ்வொரு மணி நேரமும் சரிக்கட்டிக் கொண்டிருக்க வேண்டும். ஏழு மாதத்தில் செத்தவள் சங்கதி வேறு. இரண்டு மாதத்தில் செத்தவள் சங்கதி வேறு. முன்னதில் சில நாளில், ஏன், சில மணியிலேயே பிள்ளையை எடுத்துவிடலாம். பின்னதில் ஒரு பிரேதத்தைப் பருவம் மாறுகிற வரையில் வளர்ப்பு நிலமாக்க வேண்டும்.

ஆகவே கேள்வி, வைப்பதா நிறுத்துவதா என்பதல்ல. அவள் சம்மதம் எங்கே என்பதேயாகும்.

உறுப்பு தானத்தைப் பாருங்கள். 2008இல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதிகள், விபத்தில் மூளைச் சாவடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். தமிழ்நாடே கண்கலங்கி நின்றது. 2023 முதல் உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று தமிழக அரசு அறிவித்திருக்கின்றது. இவ்வளவு பெருமையுள்ள காரியமாயிருந்தும், குடும்பத்தார் கையெழுத்தில்லாமல் ஒரு சிறுநீரகத்தைத் தொட முடியுமா? பக்கத்துக் கட்டிலில் ஒருவன் அது கிடைக்காமல் செத்துக் கொண்டிருந்தாலும் முடியாது. ஒரு சிறுநீரகத்துக்குச் சம்மதம் வேண்டும்; ஆனால் கர்ப்பிணியாயிருந்துவிட்டால் முழு உடம்பையும் மாதக்கணக்கில் எடுத்துக் கொள்ளச் சம்மதம் வேண்டாமாம்! ஆம்பூரில், பேரணாம்பட்டில், செத்த மாட்டின் தோலுக்குக் கூடச் சொந்தக்காரன் யார் என்று கேட்டுத்தான் வியாபாரம் நடக்கிறது. ஒரு பெண்ணின் உடம்புக்கு அவளே சொந்தக்காரி என்பதை ஒப்புக் கொள்ள மாத்திரம் இவ்வளவு சங்கடமா?

நம் சட்டத்திலோ இது விஷயமாக ஒரு வரியும் இல்லை. 1971ம் வருஷத்துக் கருக்கலைப்புச் சட்டம், 2021இல் திருத்தப்பட்டது, வயது வந்த பெண்ணின் சம்மதம் ஒன்றே போதுமென்கிறது. புருஷன் கையெழுத்து வேண்டியதில்லை. (ஆஸ்பத்திரிகளில் அதைக் கேட்கிற வழக்கம் போனபாடில்லை என்பது வேறு.) உயிரோடிருக்கிற வரையில் அவள் வார்த்தைக்கு மதிப்பு. மூளை செத்த நிமிஷத்தில் சட்டம் மௌனம். அது மட்டுமா? உறுப்பு எடுப்பதானால் மூளைச் சாவு சாவு; எடுப்பதில்லையென்றால் கருவியை நிறுத்தலாமா கூடாதா என்று டாக்டர்கள் தயங்குகிறார்கள். ஏனென்றால் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் சாவுக்கு வேறு விளக்கம் எழுதியிருக்கின்றது. கேரள அரசு 2020இல், உறுப்பு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மூளைச் சாவு சாவுதான் என்று தெளிவாக உத்தரவு போட்டது.

ஒரு பேச்சுக்கு வைத்துக் கொள்ளுவோம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற ஒரு பெண்; ஐந்து மாதம். வேலை விட்டுப் புருஷனோடு வண்டியில் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து வருகிறவள், பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரி உரசி விழுகிறாள். வேலூருக்குக் கொண்டு போகிறார்கள். மூன்றாம் நாள் மூளைச் சாவு என்கிறார்கள். அப்போது பேசுகிறவர்கள் யார்? மாமியார் சொல்லுவாள்: ஏற்கெனவே இரண்டும் பெண், இதுவாவது ஆணாயிருந்தால் வம்சம் விளங்கும், கருவி இருக்கட்டும். பெற்ற தாய் சொல்லுவாள்: என் பெண்ணைக் கொடுத்துவிடுங்கள், அடக்கம் பண்ண வேண்டும். சாமி கும்பிடப் போன மாமன் ஜோசியனைக் கேட்டுவிட்டு வந்து, வெள்ளிக்கிழமை வரையில் எதுவும் செய்யாதே என்பான். பில் எழுதுகிறவன் ஒன்றும் சொல்ல மாட்டான். எழுதிக் கொண்டே இருப்பான். சில நாள் தீவிர சிகிச்சைக்கு ஆகிற தொகை, ஒரு தொழிலாளியின் பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். புருஷன் தலையில் கட்டோடு சுவரில் சாய்ந்திருப்பான். பக்கத்து மிஷினில் உட்கார்ந்து அவளோடு ஐந்து வருஷம் வேலை பார்த்த சிநேகிதிக்குத்தான், இது பற்றியெல்லாம் அவள் என்ன நினைத்தாள் என்பது தெரியும். அந்தச் சிநேகிதியை யார் உள்ளே விடுவார்கள்?

மாமியார் மேலோ தாய் மேலோ நமக்கு ஆத்திரமில்லை. துக்கத்தில் மனிதர் எதைப் பற்றிக் கொள்ள முடியுமோ அதைப் பற்றிக் கொள்ளுவார்கள். நாம் சொல்லுவதெல்லாம், அந்த அறையில் பேசுகிற குரல்களில் முதல் குரல் அவளுடையதாயிருக்க வேண்டும் என்பதே. "நான் செத்தாலும் என் பிள்ளையைக் காப்பாற்றுங்கள்" என்று சொல்லியிருந்தவளா? அப்படியானால், பணமில்லை என்று எந்த ஆஸ்பத்திரியும் கருவியைப் பிடுங்கக் கூடாது. அந்தச் செலவை அரசு ஏற்க வேண்டும். "என்னைப் போட்டு வைக்காதீர்கள்" என்று சொல்லியிருந்தவளா? அப்படியானால் புருஷனோ, மாமியாரோ, மடாதிபதியோ, முல்லாவோ, பாதிரியோ, மந்திரியோ குறுக்கே நிற்கக் கூடாது. ஒன்றும் சொல்லாதவளானால், அவள் மனதை அறிந்தவர்கள், டாக்டர் ஒளிக்காமல் சொல்லுகிற நிலைமையைக் கேட்டு, அவள் இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்து முடிவு செய்யட்டும். புருஷனுக்கு அதில் இடமுண்டு. ஆனால் அவளை அறிந்தவன் என்கிற முறையில் உண்டே தவிர, தாலி கட்டிய சொந்தக்காரன் என்கிற முறையில் இல்லை. கர்ப்பத்தடையை ஜனத்தொகைக்காகவும் தேச நன்மைக்காகவும் மற்றவர்கள் பேசிக் கொண்டிருந்த காலத்தில், பெண்ணின் சுதந்திரத்துக்காக என்று சொன்ன இயக்கத்தைச் சேர்ந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி அவள் குரல் அந்த அறையில் கேட்பதற்கு வழி என்ன? 2018இல் சுப்ரீம் கோர்ட்டு, குணமாகாத நிலையில் தனக்கு என்ன சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று தீர்ப்புச் செய்தது. 2023 ஜனவரியில் அதைச் சுலபமாக்கி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதி, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ அத்தாட்சி பெற்றால் போதும் என்று திருத்தியது. அமெரிக்காவின் பல மாகாணங்களில் கர்ப்பிணியானால் இந்த உயில் செல்லாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் அப்படிப்பட்ட தடை எதுவும் இன்னும் எழுதப்படவில்லை. எழுதப்படுவதற்கு முன்பே தமிழக அரசு முந்திக் கொண்டு, கேரளத்தைப் போல ஓர் உத்தரவு போட்டு, அதில் கர்ப்பிணிகளைப் பற்றி, அவர்கள் சம்மதமே முதல் என்று ஒரு வாக்கியமும் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக் கொள்ளுகிறோம்.

சங்கத் தோழர்கள் வேறொன்றும் செய்யலாம். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனி விடுகிற நேரத்தில், வண்டிக்காக நிற்கிற பெண்களிடம் இந்தச் சங்கதியைப் பேசிப் பாருங்கள். "அபசகுனமாய்ப் பேசாதே" என்று ஒரு கிழவி சொல்லுவாள், சொல்லட்டும். கலியாணத்துக்கு முன்பு ஜாதகம் பார்க்கிற வீடுகளில், பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் இதைக் கேட்டுக் கொண்டால் என்ன? ஒரு காகிதம், இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி. சாட்சிகளில் ஒருத்தியாகப் பக்கத்து மிஷின்காரி கையெழுத்துப் போடட்டும்.